டபராவா, டம்ளரா? கடல் சுழலின் சூட்டைப் பின்தொடரப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காப்பியைச் சீக்கிரம் ஆற்ற வேண்டுமென்றால் டம்ளரிலிருந்து டபராவுக்கு ஊற்றுவோம். காப்பியும் அதேதான், சூடும் அதேதான். ஆனால் டபராவில் பரப்பு அகலம், ஆழம் குறைவு. இரண்டு நிமிடத்தில் குடிக்கும் பதத்துக்கு வந்துவிடும். டம்ளரிலேயே விட்டுவைத்தால் மேலே ஆடை படிந்த பிறகும் அடியில் இருப்பது நாக்கைச் சுடும். கடல் சுழல்கள் வெப்பத்தை எப்படிச் சுமக்கின்றன, எங்கே இழக்கின்றன என்று பார்க்கத் தொடங்கும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான். நம் முன்னால் இருப்பது டபராவா, டம்ளரா?

நான் இதைக் கேட்காமல்தான் தொடங்கினேன். ஒரு ஏப்ரல் மாதம், வங்காள விரிகுடாவின் கடற்பரப்பு வெப்பநிலைப் படத்தில் வட்டமாக, அடர் சிவப்பாக ஒன்று தெரிந்தது. வெப்பச்சுழல் கிடைத்துவிட்டது என்று மூன்று நாள் உட்கார்ந்து விளிம்பு வரைந்தேன், விட்டம் அளந்தேன், நகரும் பாதையைக்கூடக் குறித்துவைத்தேன். நான்காம் நாள் கொஞ்சம் காற்று அடித்தது. சிவப்பு வட்டம் சுவடே இல்லாமல் போயிற்று. அது சுழலே இல்லை. காற்றில்லாத நாட்களில் வெயில் காய்ச்சிய மேல்தோல், அவ்வளவுதான். அதே நேரத்தில், அந்த இடத்துக்குச் சற்றுத் தெற்கே, வெப்பநிலைப் படத்தில் எந்த அடையாளமும் இல்லாமல் ஒரு அசல் சுழல் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. கடல் மட்ட உயரப் படத்தைத் திறந்த பிறகுதான் அது தெரிந்தது.

அந்த மூன்று நாள் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கையில் என்ன வேண்டும்

முதலில், சுழல் என்று எதைச் சொல்கிறோம்? பாலத்தடியில் ஆற்றுநீர் சுழிக்குமே, அந்த அளவு அல்ல. நாம் பார்க்கப்போவது பல பத்து கிலோமீட்டர் ஆரம் கொண்டவை. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சுழன்றுகொண்டே இருப்பவை. 2011-இல் கடலியலாளர் டட்லி செல்ட்டனும் அவருடைய சகாக்களும் செயற்கைக்கோள் பதிவுகளிலிருந்து, 16 வாரத்துக்கு மேல் உயிரோடிருந்த சுமார் 36 ஆயிரம் சுழல்களைத் தடம்பிடித்து வெளியிட்டார்கள். அவற்றின் சராசரி ஆரம் 90 கி.மீ, சராசரி உயரம் (நடுவில் கடல் மட்டம் எழும் அல்லது தாழும் அளவு) 8 செ.மீ, சராசரி ஆயுள் 32 வாரம், கடந்த தூரம் சராசரியாக 550 கி.மீ. இந்த நான்கு எண்களையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். நீங்கள் கண்டுபிடிக்கும் சுழலின் உயரம் 2 மீட்டர் என்று கணக்கு வந்தால், தவறு கடலில் இல்லை, உங்கள் கணக்கில் இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

வேண்டிய தரவு மூன்று வகை. கடல் மட்ட உயரப் படம், கடற்பரப்பு வெப்பநிலைப் படம், ஆர்கோ மிதவைகளின் ஆழ அளவீடுகள். மூன்றும் இலவசம். ஐரோப்பாவின் கோப்பர்நிகஸ் கடல் சேவையில் கணக்குத் தொடங்கினால் முதல் இரண்டும் நாள்வாரியாகக் கிடைக்கும். இந்தியப் பெருங்கடலுக்கு ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் தளத்தையும் பார்த்துவிடுங்கள். விரிதாள் போடத் தெரிந்தால் போதும், நிரல் எழுதத் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை.

முதல் படி: மேட்டைத் தேடுங்கள், நிறத்தைத் தேடாதீர்கள்

சூடான நீர் விரியும். 100 மீட்டர் ஆழமுள்ள நீர் 1 டிகிரி கூடுதலாகச் சூடானால் கடல் மட்டம் சுமார் 3 செ.மீ எழும். அதனால் வெப்பச்சுழல் கடலில் ஒரு தாழ்வான மேடு, குளிர்ச்சுழல் ஒரு ஆழமில்லாத பள்ளம். கப்பலில் போகிறவர் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. 90 கிலோமீட்டர் போய் 8 சென்டிமீட்டர் ஏறுவதை யார் கண்டார்கள்? 1992-இல் ஏவப்பட்ட டோபெக்ஸ்-பொசைடான் செயற்கைக்கோளும் அதன் வழிவந்தவையும் ரேடார் துடிப்பை அனுப்பி, அது திரும்பும் நேரத்தை வைத்து இந்த மேடுபள்ளத்தை அளக்கின்றன. 2013-இல் இஸ்ரோவும் பிரான்ஸும் சேர்ந்து அனுப்பிய சரல் இதே வேலையைத்தான் செய்தது.

உயரப் படத்தில் மூடிய வட்டக் கோடுகள் தெரியும் இடங்களைக் குறியுங்கள். சுழலும் திசையை மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒரே விதி போதும். வட அரைக்கோளத்தில், நீர் ஓடும் திசையைப் பார்த்து நின்றால் மேடு உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும். ஆகவே மேட்டைச் சுற்றி நீர் கடிகாரத் திசையில் ஓடும், பள்ளத்தைச் சுற்றி எதிர்த்திசையில். தென் அரைக்கோளத்தில் மேடு இடக்கைப் பக்கம். அங்கே எல்லாம் தலைகீழ். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். கடிகாரத் திசை என்றால் வெப்பச்சுழல் என்று வடக்கே படித்துவிட்டுத் தென்னாப்பிரிக்காவுக்குப் போய் எல்லாவற்றையும் மாற்றிப் பெயரிடுவார்கள். திசை மாறும், ஆனால் மேடு என்றால் பெரும்பாலும் வெப்பம், பள்ளம் என்றால் பெரும்பாலும் குளிர் என்பது இரு பக்கமும் மாறாது. நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில், சுமார் 5 டிகிரிக்குள், இந்த விதியைப் பயன்படுத்தவே வேண்டாம். அங்கே பூமிச் சுழற்சியின் பிடி தளர்ந்துவிடும்.

"பெரும்பாலும்" என்று சொன்னதற்குக் காரணம் உப்பு. நன்னீர் கலந்தாலும் நீர் லேசாகி மட்டம் எழும். கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கொட்டும் வங்காள விரிகுடாவின் வடக்கில் ஒரு மேட்டைப் பார்த்தால் வெப்பம் என்று எழுதுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். தொடங்குவதற்கு நல்ல இடம் இலங்கைக்குக் கிழக்கே. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அங்கே ஒரு குளிர்ப்பள்ளம் ஆண்டுதோறும் உருவாகும். இலங்கைக் குவிமாடம் என்று அதற்குப் பெயரே உண்டு. மட்டத்தில் பள்ளமாக இருப்பதை ஏன் குவிமாடம் என்கிறார்கள் என்பது அடுத்த படியில் புரியும்.

இரண்டாம் படி: வயிற்றைப் பாருங்கள்

கடலுக்குள் மேலே ஒரு சூடான அடுக்கு, கீழே குளிர்ந்த பெருநீர். இரண்டுக்கும் நடுவே வெப்பநிலை கிடுகிடுவென்று இறங்கும் பகுதி. அதை இங்கே சரிவு அடுக்கு என்று சொல்லிக்கொள்வோம். மேலே மேடு இருந்தால் கீழே சரிவு அடுக்கு தாழ்ந்திருக்கும், மேலே பள்ளம் இருந்தால் அது குவிமாடம் போல எழும்பியிருக்கும். கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் பிம்பம் மாதிரிதான், ஆனால் முந்நூறு மடங்கு பெரிதாக்கப்பட்ட பிம்பம். மேலே 10 செ.மீ எழுந்திருந்தால் கீழே 30 மீட்டர் அளவுக்கு அமுங்கியிருக்கும். இரு அடுக்குகளின் அடர்த்திக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது என்பதால்தான் இவ்வளவு பெருக்கம்.

இதை நேரில் காட்டுவது ஆர்கோ மிதவை. ஆளுயர உருளை. 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு மிதந்துகொண்டிருந்து, பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, அங்கிருந்து வெப்பநிலையையும் உப்பையும் அளந்தபடியே மேலே வந்து செய்தி அனுப்பிவிட்டு மறுபடி மூழ்கிவிடும். உலகக் கடல்களில் இப்படி ஏறக்குறைய 4,000 மிதவைகள் இருக்கின்றன. உங்கள் சுழலுக்குள் ஒன்று இருந்தால் அதிர்ஷ்டம். அது மட்டும் போதாது. சுழலுக்கு வெளியே, அதே வாரத்தில், அதே சுற்றுவட்டாரத்தில் இருக்கும் இன்னொன்றையும் எடுங்கள். சுழலின் வெப்பம் என்பது உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வேறுபாடு. ஆண்டுச் சராசரியோடு ஒப்பிட்டால் பருவகால வெயிலையும் சேர்த்துச் சுழலின் தலையில் கட்டிவிடுவீர்கள்.

இப்போது கணக்கு. கடல்நீர் ஒரு கன மீட்டரை 1 டிகிரி சூடாக்கச் சுமார் 41 லட்சம் ஜூல் வேண்டும். அதே ஒரு கன மீட்டர் காற்றுக்கு 1,200 ஜூல் போதும். உள்ளே இருக்கும் மிதவை, 50 மீட்டரிலிருந்து 250 மீட்டர் வரை வெளியே இருப்பதைவிடச் சராசரியாக 2 டிகிரி கூடுதல் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் அடியில்:

41 லட்சம் × 2 டிகிரி × 200 மீட்டர் = 164 கோடி ஜூல்.

சுழலின் ஆரம் 90 கி.மீ என்றால் பரப்பு ஏறக்குறைய 25,000 சதுர கி.மீ. பெருக்கினால் 42 எழுதி 18 சுழியம் போட்ட அளவு ஜூல் வரும். இந்தியா ஓராண்டில் உற்பத்தி செய்யும் மொத்த மின்சாரத்தைப் போல் சுமார் ஆறு மடங்கு. ஓரம்வரை ஒரே சூடு இருக்காது என்பதால் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் மூன்று மடங்கு. சராசரிச் சுழல் ஒன்றின் கதை இது.

உயரத்தோடு ஒத்துப்பார்க்கவும் மறக்காதீர்கள். 2 டிகிரி, 200 மீட்டர் என்றால் முன்பு சொன்ன விதிப்படி மட்டம் 12 செ.மீ அளவில் எழுந்திருக்க வேண்டும். உயரப் படம் 10, 12 காட்டினால் சரி. 4 காட்டினால் உங்கள் மிதவை சுழலின் நடுவில் இல்லை, அல்லது உப்பு எதிர்ப்பக்கம் இழுக்கிறது.

மூன்றாம் படி: தூக்கிப் போகிறதா, கடந்து போகிறதா?

நெல்வயலில் காற்றடித்தால் பச்சை அலை ஒன்று வயலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடும். பயிர் எதுவும் ஓடாது. உயரப் படத்தில் மேற்கே நகரும் ஒவ்வொரு மேடும் நீரைத் தூக்கிப் போகிறது என்று நினைக்க வேண்டாம். சில வெறும் அலைகள்.

பிரித்தறிய இரண்டு வேகங்களை ஒப்பிடுங்கள். சுழலைச் சுற்றி நீர் ஓடும் வேகம் ஒன்று, சுழலே நகரும் வேகம் மற்றொன்று. முதலாவது இரண்டாவதைவிட அதிகமானால், உள்ளே இருக்கும் நீர் வெளியே தப்பும் முன் சுற்றி வந்துவிடும். அதாவது அது பிடிபட்ட நீர். சுற்று வேகம் நொடிக்கு 30 செ.மீ, நகரும் வேகம் நொடிக்கு 5 செ.மீ என்றால் சந்தேகமே இல்லை, அது சுமக்கிறது. நொடிக்கு 5 செ.மீ என்பது நாளொன்றுக்கு 4 கிலோமீட்டர் சொச்சம். மாட்டுவண்டியைவிட மெதுவானதுதான், ஆனால் இரவு பகல் நிற்காது.

நகரும் திசை பெரும்பாலும் மேற்கு. பூமி உருண்டை என்பதால் பூமிச் சுழற்சியின் விளைவு வடக்கே போகப் போகக் கூடுகிறது. சுழலின் வடபாதிக்கும் தென்பாதிக்கும் உள்ள அந்தச் சிறு வேறுபாடு அதை மேற்கே தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால்தான் கடல்களின் மேற்குக் கரைகளில், அதாவது கண்டங்களின் கிழக்குக் கடற்கரைகளில், சுழல்கள் வந்து குவிகின்றன. நம் கிழக்குக் கரையும் அதில் சேர்த்தி. இங்கே மீனவர்கள் நீவாடு என்று சொல்லும் நீரோட்டம் பருவத்துக்குப் பருவம் திசை மாறுவதோடு நிற்காமல் நடுநடுவே குழம்புவதற்கு இந்த வருகையாளர்களும் ஒரு காரணம்.

நான்காம் படி: நின்ற இடத்திலேயே வெப்பம் கடத்துவது

சுழல் ஓர் அங்குலமும் நகராவிட்டாலும் வெப்பத்தைக் கடத்தும். வட அரைக்கோளத்தில் ஒரு மேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கடிகாரத் திசையில் நீர் ஓடுவதால் அதன் மேற்கு ஓரத்தில் நீர் வடக்கே போகிறது, கிழக்கு ஓரத்தில் தெற்கே வருகிறது. தெற்கே இருப்பது சூடான கடல், வடக்கே குளிர்ந்த கடல். ஆகவே மேற்கு ஓரத்தில் ஒரு சூடான நாக்கு வடக்கே நீளும், கிழக்கு ஓரத்தில் ஒரு குளிர்ந்த நாக்கு தெற்கே நீளும். கரண்டி நகராமல் ஒரே இடத்தில் சுழன்றாலும் குழம்பு கலப்பது போல.

ஆனால் ஒரு நிபந்தனை. வடக்கே போகும் நீர் திரும்பி வரும் நீரைவிடச் சூடாக இருக்க வேண்டும். சூடான திட்டு மேட்டின் நடுவில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தால் போகும் நீரும் வரும் நீரும் ஒரே சூடு. நிகர வரவு சுழியம். திட்டு ஒருபக்கமாக ஒதுங்கியிருந்தால்தான் வரவு உண்டு. வெப்பநிலைப் படத்தை உயரப் படத்தின்மேல் அரைத் தெளிவாக வைத்துப் பாருங்கள். இரண்டின் நடுப்புள்ளிகளும் விலகியிருக்கிறதா, எந்தப் பக்கம் விலகியிருக்கிறது? நான் முன்னால் குறை சொன்ன வெப்பநிலைப் படம் உபயோகப்படும் இடம் இது.

இந்த வழியில் கடத்தப்படும் வெப்பம் சாதாரணமல்ல. அண்டார்டிகாவைச் சுற்றி ஓடும் பெருநீரோட்டத்தை நினைத்துப் பாருங்கள். அந்த அட்சரேகையில் குறுக்கே நிற்கக் கண்டமே இல்லை. நீர் கிழக்கே ஓடிக்கொண்டே இருக்கலாம். கண்டத்தின் சுவர் இல்லாததால் மேல்கடலில் சீரான வடக்கு-தெற்கு ஓட்டம் நிலைக்க முடியாது. அங்கே துருவத்தை நோக்கி வெப்பத்தைக் கடத்தும் வேலையில் பெரும்பங்கு சுழல்களுடையது.

குளிர்ச்சுழலையும் கணக்கில் சேருங்கள். அமெரிக்காவின் கிழக்கே வளைகுடா நீரோட்டம் நெளியும்போது அதன் தெற்கே குளிர்ந்த நீர் வளையங்கள் அறுந்து சர்காசோ கடலுக்குள் போய்விடும். குளிரைத் தெற்கே கொண்டுபோனாலும் வெப்பத்தை வடக்கே கொண்டுபோனதாகத்தான் பற்றுவரவு.

ஐந்தாம் படி: ஓட்டை எங்கே?

சுமந்த சூட்டைச் சுழல் எங்கே இழக்கிறது? எல்லோரும் முதலில் சொல்வது, மேலே காற்றுக்கு. சரி, அதையே முதலில் கணக்குப் போடுவோம்.

கடற்பரப்பு, சுற்றுப்புறத்தைவிடச் சதுர மீட்டருக்கு 100 வாட் கூடுதலாக இழக்கிறது என்று வையுங்கள். 100 வாட் என்றால் நொடிக்கு 100 ஜூல். என் பழைய சிவப்பு வட்டம் 10 மீட்டர் தடிமனில் 1 டிகிரி கூடுதல் சூடு என்றால் அதனிடம் இருந்தது 4.1 கோடி ஜூல். ஐந்தே நாளில் தீர்ந்துவிடும். டபரா! காற்றில் கீழ்நீரோடு கலந்தால் இன்னும் சீக்கிரம். இரண்டாம் படியில் பார்த்த சுழலிடம் 164 கோடி ஜூல். அதே 100 வாட்டில் 190 நாள் ஆகும். இது டம்ளர்.

உண்மையில் 100 வாட் என்பது தாராளமான எண். வெப்பமண்டலத்தில் பல சுழல்களின் மேல்பரப்பு அக்கம்பக்கத்தைவிட 1 டிகிரிகூட வேறுபடாது. அப்போது கூடுதல் இழப்பு சில பத்து வாட்தான். 30 வாட் என்று போட்டால் கணக்கு ஒன்றே முக்கால் ஆண்டுக்கு நீளும். சராசரி ஆயுளோ 32 வாரம். ஆகவே பெரும்பாலான சுழல்கள் காற்றில் ஆறிச் சாவதில்லை, அதற்கு முன்பே வேறு வழிகளில் கரைந்துவிடுகின்றன. இந்த ஒரு கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால் பாதி குழப்பம் தீரும்.

அந்த வேறு வழிகளில் முக்கியமானது ஓரம். சுழலின் விளிம்பிலிருந்து நீர் மெல்லிய இழைகளாகப் பிய்ந்து போகும். சேலையின் ஓரம் நைந்து நூல் பிரிவதுபோல. இழை மெலிய மெலிய அக்கம்பக்க நீரோடு கலந்துவிடும். மாதாந்தரச் சராசரிப் படத்தில் இது தெரியவே தெரியாது. நாள்வாரிப் படம்தான் வேண்டும். உயரப் படமும் சிறியவற்றை மழுப்பிவிடும். 2022 டிசம்பரில் ஏவப்பட்ட ஸ்வாட் செயற்கைக்கோள், ஒரே கோடாக அல்லாமல் 120 கி.மீ அகலப் பட்டையாக அளப்பதால், முன்பு தெரியாத சிறு சுழல்களும் நெளிவுகளும் இப்போது தெரிகின்றன.

தாய் நீரோட்டத்திடமே திரும்பிப் போவது இன்னொரு வழி. வளைகுடா நீரோட்டத்தின் வடக்கே அறுந்த வெப்பவளையங்கள் பல, சில மாதம் சுற்றிவிட்டு மறுபடி அதே நீரோட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். வாங்கிய கடனை அப்படியே திருப்பிக் கொடுத்த கதை. இடையில் காற்றுக்கும் அயல்நீருக்கும் கைமாறியது மட்டுமே நிகர வெப்பம். சுழல் எவ்வளவு சுமந்தது என்று மட்டும் எழுதி, எங்கே இறக்கியது என்று எழுதாத அறிக்கைகளை நான் நம்புவதில்லை.

காற்றுக்கு இழப்பதிலும் குளிர்காலம் தனிக்கதை. கோடையில் மேலே ஒரு மெல்லிய சூடான அடுக்கு மூடிபோலப் படிந்திருக்கும், ஆழத்தில் உள்ள சூடு அதற்கடியில் பத்திரமாக இருக்கும். குளிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்கும். கீழே இருப்பது மேலே வந்து தானும் குளிரும். இப்படி மேலே கலந்துகொண்டிருக்கும் நீர், அதாவது கலவை அடுக்கு, நூறு, இருநூறு மீட்டர்வரை தோண்டிக்கொண்டு போகும். மூடி திறந்த டம்ளர். ஆகவே இழப்பைக் கணக்கிடும்போது கோடை எண்ணை ஆண்டு முழுவதற்கும் நீட்டாதீர்கள்.

அப்புறம், சூடான பரப்பு தன் விசிறியைத் தானே போட்டுக்கொள்ளும். வெப்பச்சுழலின்மேல் காற்று கிளர்ந்து, உயரத்தில் உள்ள வேகக்காற்று கீழே இறங்குகிறது. மேற்பரப்புக் காற்று வலுத்து ஆவியாதலும் கூடுகிறது. தென்பெருங்கடலில் சுழல்களுக்கு நேர்மேலே காற்று, மேகம், மழை மூன்றும் மாறுவதைச் செயற்கைக்கோள்கள் பதிவுசெய்துள்ளன. ஆவியாதல் மூலம் மட்டும் 100 வாட் போனால் நாளொன்றுக்கு மூன்றரை மில்லிமீட்டர் நீர் போயிற்று என்று பொருள்.

ஆறாம் படி: புயல் வந்தால்

மெதுவான இழப்பெல்லாம் அமைதியான நாட்களுக்கு. புயல் வந்தால் வாரக்கணக்கு மணிக்கணக்காகிவிடும். புயல் கடலைக் கலக்கி அடிநீரை மேலே இழுக்கும். சூடான அடுக்கு மெல்லியதாக இருந்தால் குளிர்நீர் சட்டென்று மேலே வந்து புயலுக்குத் தீனி குறையும். ஆழமாக இருந்தால் எவ்வளவு கலக்கினாலும் சூடான நீரே வரும்.

இதற்கென்றே ஒரு அளவு உண்டு. நீரின் சூடு 26 டிகிரியாகக் குறையும் ஆழத்தை 26 டிகிரிக் கோடு என்போம். அந்தக் கோட்டுக்கு மேலே உள்ள நீரில், 26-க்கு மிஞ்சிய வெப்பம் எவ்வளவு என்று கூட்டுவது. புயல் வெப்ப ஆற்றல் என்பார்கள், சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ ஜூல் என்று சொல்வது வழக்கம். 26 டிகிரிக் கோடு 40 மீட்டரில், மேலே சராசரி 28 டிகிரி என்றால் 33. அதே 28 டிகிரி, கோடு மட்டும் 100 மீட்டரில் என்றால் 82. பரப்பு வெப்பநிலைப் படத்தில் இரண்டும் ஒரே சிவப்புதான்.

2005 ஆகஸ்டில் மெக்சிகோ வளைகுடாவில் கத்ரீனா புயல் லூப் நீரோட்டத்தின் ஆழமான சூட்டின்மேல் போகும்போதுதான் உச்ச வகையான ஐந்தாம் வகைக்கு ஏறியது. 2008-இல் நம் விரிகுடாவில் நர்கீஸ், மியான்மர்க் கரையைத் தாக்குவதற்கு முன், வழக்கத்தைவிட ஆழமாகச் சூடு தேங்கியிருந்த நீரின்மேல் ஒரே நாளில் வெறிகொண்டது. விரிகுடாவில் பயில்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மழைக்காலத்துக்குப் பிறகு நன்னீர் மேலே மிதந்து தடுப்புப் போட்டுவிடும். குளிர்காலத்தில் மேல்நீரைவிடக் கீழே இருப்பது சூடாகவும் இருக்கலாம். அப்போது புயல் கலக்கினால் பரப்பு குளிராமல் போகலாம், சூடேறவும் கூடும். ஆழத்துக்கு ஆழம் உப்பு எப்படி மாறுகிறது என்று காட்டும் மிதவையின் உப்புக் கோட்டைப் பார்க்காமல் எதையும் முடிவுசெய்யாதீர்கள்.

ஏழாம் படி: ஒன்றைப் பிடித்துக் கடைசிவரை போங்கள்

பத்துச் சுழல்களை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட ஒன்றை வாரம்வாரம் பின்தொடருங்கள். விரிதாளில் ஒரு வாரத்துக்கு ஒரு வரி. தேதி, நடுப்புள்ளி, உயரம், ஆரம், சுற்று வேகம், கலவை அடுக்கின் ஆழம், உள்ளே-வெளியே வெப்ப வேறுபாடு. கடைசிக் கட்டத்தில் அந்த வாரம் என்ன நடந்தது என்று ஒரு சொல்: காற்று, இழை, மோதல், இணைப்பு.

நான் சிபாரிசு செய்வது அகுல்ஹாஸ் வளையங்களை. இந்தியப் பெருங்கடலின் சூடான, உப்பான நீர் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையோரம் இறங்கி, கண்டம் முடியும் இடத்தில் சட்டென்று வளைந்து வந்த வழியே கிழக்கே திரும்புகிறது. அந்த வளைவு அவ்வப்போது தன்னோடு தானே முட்டிக்கொண்டு ஒரு பெரிய வளையத்தை அட்லாண்டிக் பக்கம் அறுத்துவிடும். ஆண்டுக்கு நான்கு முதல் ஆறு வரை. விட்டம் 200, 300 கி.மீ. இளம் வளையத்தின் உயரம் 50 செ.மீ-யைத் தொடுவதும் உண்டு. தெரியவில்லை என்று சொல்லவே முடியாது.

இவை காற்றில் ஆறுவதில் விதிவிலக்கு. அண்டார்டிகா பக்கமிருந்து வரும் குளிர்காற்றின் கீழே வெதுவெதுப்பான இந்தியப் பெருங்கடல் நீர் வந்து உட்கார்ந்தால் வேறென்ன ஆகும்? நூறு வாட்டைத் தாண்டிய இழப்பு இங்கே சாதாரணம். அதோடு தென்னாப்பிரிக்காவுக்கு மேற்கே உள்ள கேப் படுகையில் மற்ற சுழல்களோடு உரசல், வேமா என்ற கடலடி மலையில் மோதிப் பிளத்தல், பிறகு வால்விஸ் கடலடித் தொடரைத் தாண்டும்போது வேகம் குறைதல். முதல் சில மாதங்களிலேயே உயரத்தில் பெரும்பகுதி போய்விடும். சில வளையங்கள் அந்தப் படுகையைத் தாண்டுவதே இல்லை. 2000-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் ஆஸ்ட்ரிட் என்று பெயர் வைத்த இளம் வளையம் ஒன்றைக் கப்பலில் போய் அளந்தார்கள். அதுபோன்ற நேரடி அளவீடு இருக்கும் வளையத்தோடு உங்கள் முறையை ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

உயரம் குறைவதைப் படிக்கும்போது அவசரப்பட வேண்டாம். நீர் குளிர்ந்தாலே சுருங்கி மட்டம் இறங்கும். ஆகவே உயரம் பாதியானால் பாதி நீர் கலந்து போய்விட்டது என்று பொருளல்ல. ஆர்கோவின் உப்புக் கோட்டைப் பாருங்கள். காற்று வெப்பத்தை எடுத்துக்கொள்ளும், உப்பை எடுத்துக்கொள்ளாது. நீர் ஆவியானால் மிச்சம் இன்னும் உப்பாகும். உள்ளே உப்பு குறையாமல் வெப்பம் மட்டும் குறைந்திருந்தால் அது மேலே போன சூடு. இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் ஓரத்தில் கலந்த சூடு. விரிதாளில் இன்னொரு கட்டம் சேர்த்து இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆறேழு மாதம் கழித்து, வால்விஸ் தொடருக்கு மேற்கே, வெப்பநிலைப் படத்தில் உங்கள் வளையம் இருக்கும் இடத்தில் அநேகமாக ஒன்றும் தெரியாது. சுற்றியுள்ள நிறமும் அதன் நிறமும் ஒன்றாகியிருக்கும். உயரப் படத்தில் மட்டும் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் மேடு பிரேசிலை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். அதன் அடியில் இருநூறு மீட்டரில் இன்னமும் இந்தியப் பெருங்கடலின் உப்பு.